ஒன்றரை ஷிப்டுக்கு ஒரு சமையல் புத்தகம்

பனியன் வாங்குகிற திருப்பூர்க்காரரை யாராலும் ஏமாற்ற முடியாது. கையில் கொடுத்ததுமே உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பார், தோளைப் பிடித்து இழுப்பார், கழுத்து ரிப்பை விரித்து விடுவார். பிறகு, "எக்ஸ்போர்ட் சரக்குதானுங், ஆனா கப்பல் ஏறலை" என்று தீர்ப்புச் சொல்வார். அதே ஆள், பின்னல் புக் டிரஸ்ட் முன்னின்று நடத்தும் புத்தகத் திருவிழாவுக்குப் போய்ச் சமையல் புத்தகம் வாங்கும்போது அட்டையை மட்டும் பார்க்கிறார். அட்டையில் ஒரு செம்புப் பானை, பக்கத்தில் இரண்டு காய்ந்த மிளகாய், பின்னால் கலைநயத்தோடு பெயர்ந்த சுவர். வீட்டுக்கு வந்து பிரித்தால் முதல் குறிப்பே "முந்தைய நாள் மாலை ஊறவைத்த" என்று தொடங்குகிறது. முந்தைய நாள் மாலை வீட்டில் யார் இருந்தார்கள்? ஷிப்மெண்ட் நெருக்கடி, ஒன்றரை ஷிப்ட். அவரும் கம்பெனியில், அம்மணியும் கம்பெனியில்.

இந்த அநியாயத்தைத் தடுக்கவே இந்தக் கையேடு. கம்பெனியில் சரக்குக்கு என்னென்ன சோதனை உண்டோ, அதெல்லாம் சமையல் புத்தகத்துக்கும் உண்டு என்பதுதான் இதன் ஒரே கொள்கை. அன்றாட வீட்டுச் சமையலுக்குப் புத்தகம் தேடுகிறவர்கள் மட்டும் மேலே படிக்கலாம். வரவேற்பறை அலமாரியில் நிற்க வைக்க வேண்டும் என்பவர்கள் செம்புப் பானை அட்டையையே வாங்கிக்கொள்ளலாம், நன்றாக இருக்கும்.

முதலில் சாம்பிள் எடுக்க வேண்டும். பையர் அனுப்பும் இன்ஸ்பெக்டர் எல்லாப் பெட்டியையும் பிரிப்பதில்லை. ஏக்யூஎல் 2.5 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். லாட்டில் 281 முதல் 500 பீஸ் வரை இருந்தால், சாதாரண இன்ஸ்பெக்‌ஷனில் 50 பீஸை உருவுவார். பெரிய குறை 3 வரை இருந்தால் பாஸ், 4 ஆனால் லாட் மொத்தமும் பெயில். "300 வகை சமையல்" என்று அட்டையில் போட்ட புத்தகம் இந்தக் கணக்கில் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். ஸ்டாலில் நின்றபடி அங்கொன்றும் இங்கொன்றுமாக 50 குறிப்புகளைப் படியுங்கள். வீட்டில் இல்லாத பாத்திரம், மளிகைக் கடையில் இல்லாத சாமான், உங்களிடம் இல்லாத நேரம், இந்த மூன்றில் ஒன்றைக் கேட்கும் குறிப்பு மேஜர் டிபெக்ட். நான்காவது வந்ததும் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நகருங்கள். ஸ்டால்காரர் முறைப்பார். அது அவர் தொழில்.

எண்ணும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே ஸ்டைலை ஆறு கலரில் போட்டால் கம்பெனி கணக்கில் அது ஒரே ஸ்டைல். சமையல் புத்தகத்தில் அது ஆறு. கத்தரிக்காய் சாம்பார், முருங்கைக்காய் சாம்பார், முள்ளங்கி சாம்பார், கத்தரிக்காய் முருங்கைக்காய் சாம்பார் என்று பக்கம் புரளும். காயைத் தவிர மற்ற வரியெல்லாம் எழுத்துப் பிசகாமல் ஒன்றே. 300 வகையைக் கலர் கழித்து எண்ணினால் நாற்பது தேறும். நாற்பது போதும். வீட்டில் மாறி மாறிச் சமைப்பது பதினைந்துக்கு மேல் போவதில்லை என்பது எந்த அடுப்படிக்கும் தெரியும், எந்தப் பதிப்பகமும் ஒப்புக்கொள்ளாது.

அடுத்தது ஜிஎஸ்எம். துணிக்கும் தாளுக்கும் இது பொது அளவு என்பதால் திருப்பூர்க்காரருக்கு விளக்கம் தேவையில்லை. சாதாரண டி-சர்ட் துணி 180 ஜிஎஸ்எம் என்றால், கதைப் புத்தகத் தாள் 70 இருக்கும். வண்ணப்படம் போட்ட சமையல் புத்தகத்தின் பளபளப்பான ஆர்ட் பேப்பர் 130-க்கு மேலும் போகும். கனமாக இருந்தால் நல்ல சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பூச்சுப் பூசிய அந்தத் தாளில் ஈரக்கை பட்டால் பக்கமும் பக்கமும் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் ரசத்தின் பாதி கேசரியோடு போய்விடும். சாதாரண மேப்லித்தோ தாள் தண்ணீரைக் குடித்துவிட்டு, காய்ந்தபின் அப்பளம் போல் நெளிந்து கிடக்கும்; ஆனால் எழுத்து நிற்கும். அடுப்படிக்கு அதுதான் சரி. ஜிஎஸ்எம் பார்க்க நூறு சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டும் கட்டரைத் தயவுசெய்து புத்தகத் திருவிழாவுக்கு எடுத்துப் போகாதீர்கள். விரலால் தடவினாலே போதும், அதுதான் உங்களுக்குப் பழக்கமாயிற்றே.

மெஷர்மென்ட் சார்ட்டுக்கு வருவோம். தமிழ்ச் சமையல் புத்தகங்கள் பெரும்பாலும் பெயிலாகிற இடம் இது. பனியனுக்கு 80, 85, 90 என்று சென்டிமீட்டரில் சைஸ். சமையலுக்கும் நம்மிடம் முழு சைஸ் செட் இருக்கிறது: சுண்டைக்காயளவு பெருங்காயம், கொட்டைப்பாக்களவு வெல்லம், நெல்லிக்காயளவு வெண்ணெய், எலுமிச்சையளவு புளி. சிட்டிகை, கைப்பிடி, விரற்கடை எல்லாம் ஃப்ரீ சைஸ். இதில் சுண்டைக்காயை நம்பலாம், அது பெரும்பாலும் ஒரே அளவில்தான் காய்க்கும். எலுமிச்சைதான் பிரச்சினை. சந்தையில் ஒரே கூறில் கோலிக்குண்டு அளவிலும் இருக்கும், குழந்தையின் முஷ்டி அளவிலும் இருக்கும். போதாக்குறைக்குப் புதுப்புளிக்கும் பழம்புளிக்கும் புளிப்பு வேறு. இவ்வளவு டாலரன்ஸ் விட்டால் எந்த பையரும் ஆர்டர் தர மாட்டார், நாம் மட்டும் குழம்பு வைக்கிறோம்.

"உப்பு - தேவையான அளவு" என்பதை மன்னித்துவிடலாம். உப்புக்கு உப்பு கரிப்பு மாறும், நாக்குக்கு நாக்கு மாறும். "எண்ணெய் - தேவையான அளவு" என்பது மைனர் டிபெக்ட். "தண்ணீர் - தேவையான அளவு" என்று எந்தப் பக்கத்திலாவது பார்த்தால் அடுத்த பக்கம் புரட்ட வேண்டாம். தண்ணீரின் அளவைத் தெரிந்துகொள்ளத்தானே காசு கொடுத்தோம்?

அளவைச் சொல்வதில் வெள்ளைக்காரர்கள் கெட்டிக்காரர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பாஸ்டன் நகரத்துச் சமையல் பள்ளியை நடத்திய ஃபேனி ஃபார்மர் என்ற அம்மையார் 1896-ல் வெளியிட்ட புத்தகத்தில், கோப்பையையும் கரண்டியையும் கத்தியால் வழித்துச் சமமாக அளக்க வேண்டும் என்று கட்டளை போட்டார். அதற்காகவே அவர் பெயர் இன்றைக்கும் நிற்கிறது. நம் களத்து மேட்டில் நெல்லைத் தலைதட்டி அளப்பதும் அதேதான். களத்தில் தலைதட்டிய கை அடுப்படிக்குள் வந்ததும் கைப்பிடிக்கு மாறிக்கொண்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் எஸ். மீனாட்சி அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம் சேரும். 1951-ல் அவர் எழுதி வெளியிட்ட 'சமைத்துப் பார்' கைப்பிடிக் கணக்கை ஓரளவுக்குக் கட்டிப்போட்ட புத்தகம். சமையல் தெரியாதவர் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லிக்கொடுக்கிற தொனியில், இதற்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் அளவு சொல்லி எழுதினார். மூன்று பாகங்கள். புகுந்த வீட்டுக்கும் கடல் கடந்தும் பெட்டியில் போன புத்தகம் என்ற பெருமை தமிழில் இதற்கு இருப்பது போல் வேறு எந்தச் சமையல் நூலுக்கும் இல்லை. ஏக்யூஎல் கணக்கில் போட்டால் அந்த அம்மாள் முதல் தரத்தில் பாஸ் ஆவார்.

ஆனால் உங்கள் சைஸுக்கு அது சரியா என்பது வேறு கேள்வி. கிலோவும் லிட்டரும் இந்தியாவில் சட்டமானது 1956-ல், புத்தகம் அதற்கு ஐந்து வருடம் மூத்தது. ஆழாக்கும் பலமும் அதன் தாய்மொழி. பிரஷர் குக்கர் இந்தியாவில் தயாராகத் தொடங்கியது 1950-களின் கடைசியில். எனவே அந்தப் புத்தகம் பிறந்த அடுப்படியில் விசில் சத்தம் கிடையாது. திருப்பூர் லைன் வீட்டில் நேரமே விசிலில்தான் ஓடுகிறது. தன் வீட்டு விசிலைத் தவறவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா எண்ணி வைத்திருப்பார்: "அம்மிணி, மூணு ஆச்சு, எறக்கு!" தவிரவும் அது பிராமண வீட்டுச் சைவச் சமையல். ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு ஆறு நாள் துணை நிற்கும், ஏழாம் நாள் கைவிட்டுவிடும். அடிப்படை கற்றுக்கொள்ள வாங்கலாம். அதை வைத்து ஒன்றரை ஷிப்ட் ஓட்ட முடியாது.

சமையலுக்குப் புத்தகம் பார்ப்பது நேற்று வந்த வழக்கம் என்று நினைக்கிற மாமியார்களுக்காக ஒரு தகவல். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணருக்குப் போடும் விருந்து, பீமன் செய்த சமையல் நூலின் முறையிலிருந்து வழுவாமல் சமைத்தது என்று வருகிறது. எனவே மருமகள் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தாளிப்பது சங்க மரபு. பீமன் எழுதியதாகச் சொல்லப்படும் அந்த நூல் நம் கைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. அவன் விராடன் அரண்மனையில் சமைத்தவன். சிலிண்டர் தீர்ந்துபோகும் கவலை இல்லாத சமையல்காரன் எழுதிய புத்தகம் எதுவுமே அன்றாடத்துக்கு ஆகாது. இந்த விதியை இன்றைய நட்சத்திர ஓட்டல் ஷெஃப்களின் புத்தகங்களுக்கும் நீங்கள் தாராளமாகப் பொருத்திக்கொள்ளலாம்.

இனி ஷ்ரிங்கேஜ் டெஸ்ட். துவைத்தால் துணி ஐந்து சதவீதம் சுருங்கலாம் என்று பையர் பொறுத்துக்கொள்வார். சமையல் புத்தகத்தில் சுருங்குவது நேரம். "தயாரிப்பு நேரம்: 10 நிமிடம்" என்று மேலே போட்டிருக்கும். கீழே சாமான் பட்டியலில் "சின்ன வெங்காயம் - கால் கிலோ (உரித்தது)" என்று ஒரு வரி பதுங்கியிருக்கும். அந்த அடைப்புக்குறிக்குள் ஒரு மனுஷியின் அரைமணி நேரமும் கண்ணீரும் இருக்கிறது. கொங்கு நாட்டுச் சமையலே சின்ன வெங்காயத்தின் மேல்தான் நிற்கிறது. அதை யார் உரிப்பது என்று இதுவரை எந்தச் சமையல் புத்தகமும் கேட்டதில்லை. கம்பெனியில் கட்டிங்குக்கு ஒரு ரேட், ஓவர்லாக்குக்கு ஒரு ரேட், செக்கிங்குக்கு ஒன்று, அயர்னிங்குக்கு ஒன்று. பிசிறு வெட்டுவதற்குக்கூடக் கூலி உண்டு. புத்தகம் அடுப்பில் இருக்கும் நேரத்தை மட்டும் எண்ணி, மீதியை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறது. தேங்காய் (துருவியது), கீரை (ஆய்ந்தது), மீன் (சுத்தம் செய்தது), பூண்டு (உரித்தது). அடைப்புக்குறிகளை எண்ணுங்கள். ஒரு குறிப்பில் மூன்றுக்கு மேல் இருந்தால் அது ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு; புத்தகம் முழுக்க அப்படியே இருந்தால் அது ஆள் வைத்துச் சமைக்கிற வீட்டுக்கான புத்தகம்.

வெங்காயத்தைப் பற்றிய இந்தப் பொய் உலகப் பொதுவானது. 2012-ல் டாம் ஸ்கோக்கா என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். வெங்காயம் ஐந்து பத்து நிமிடத்தில் நன்றாகப் பழுப்பேறும் என்று குறிப்பு எழுதுகிறவர்கள் கூசாமல் புளுகுகிறார்கள், உண்மையில் அரைமணிக்கு மேல் ஆகிறது என்று அடுப்படியில் நின்று பார்த்து எழுதினார். நம் புத்தகங்களில் "பொன்னிறமாக வதக்கவும்" என்ற இரண்டே சொல்லில் இது முடிந்துவிடுகிறது. எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதா, போட்டிருந்தால் அது உண்மையா என்று பாருங்கள். பெரிய வெங்காயம் பொன்னிறமாக மூன்று நிமிடம் என்று எழுதியவரிடம் உப்புமாவைக்கூட நம்பி ஒப்படைக்க முடியாது.

ஷேடு டெஸ்டும் உண்டு. லேப் டிப்பில் அப்ரூவல் ஆன ஷேடு ஒன்று, சாயப்பட்டறையிலிருந்து வருவது வேறொன்று என்றால் மெர்ச்சண்டைசருக்குத் தூக்கம் போய்விடும். சமையல் புத்தகத்தில் படம் சிவப்பாக இருக்கும், குறிப்பில் இரண்டே மிளகாய் இருக்கும். பள்ளிபாளையம் சிக்கன் பக்கத்தைத் திறந்து பாருங்கள், கொங்கு மண்டலத்தில் இதைவிட நல்ல சோதனை கிடையாது. கோழி, சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய், பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய், மஞ்சள், கறிவேப்பிலை. மசாலாப் பொடி எதுவும் சேராததுதான் அதன் பெருமை. அந்தப் பக்கத்தில் கரம் மசாலாவோ முந்திரி விழுதோ பிரெஷ் கிரீமோ தென்பட்டால், எழுதியவர் ஈரோட்டுப் பக்கம் வந்ததே இல்லை. பள்ளிபாளையத்திலேயே இப்படி என்றால் மற்ற 299-ல் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே மாதிரி கொள்ளு. கொள்ளை வேகவைத்து, வடித்த தண்ணீரை ரசமாக்கி, வெந்த கொள்ளைக் கடைந்து பருப்பாக்கி, ஒரு கொதியில் இரண்டு சாமான் எடுப்பது இந்த ஊர் வழக்கம். கட்டிங் வேஸ்ட்டைக்கூட மில்லுக்கு அனுப்பி மறுபடி நூலாக்கும் ஊர் இது. "வெந்ததும் நீரை வடித்துக் கொட்டிவிடவும்" என்று எழுதிய புத்தகத்தை இங்கே விற்பதற்கே தைரியம் வேண்டும்.

அரிசிம்பருப்பு சாதத்தில்தான் ஒரு சிக்கல் வருகிறது. அது இல்லாத புத்தகத்தை வாங்கக் கூடாது. கொங்கு வீட்டின் அன்றாடத்தைத் தெரியாதவர் எழுதியது என்று அர்த்தம். அது இருக்கிற புத்தகத்தை வாங்கத் தேவையில்லை. அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு, தண்ணீர், மூன்று விசில். மேலே ஊத்துக்குளி நெய் ஒரு கரண்டி இருந்தால் யோகம். இது தெரியாமல் இங்கே யாரும் வயதுக்கு வருவதில்லை. தேனியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்து பவர் டேபிளில் உட்கார்ந்தவர்கள்கூட முதல் மாத வாடகை கொடுப்பதற்குள் இதைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

மற்ற புத்தகங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மல்லிகா பத்ரிநாத்தின் சிறிய நூல்கள் அடுப்படியில் உழைக்கிற ரகம். குழம்பு, கிரேவி என்று பிரித்துக்கொண்டு வேலையை மட்டும் பார்க்கும். கண்ணதாசனின் மகள் ரேவதி சண்முகம் எழுதியவற்றில் செட்டிநாட்டுக் கைப்பக்குவம் தெரியும். கறி எடுக்கிற நாளுக்கு நல்ல துணை. அவள் விகடனோடும் மங்கையர் மலரோடும் இலவசமாக வந்த இணைப்புப் புத்தகங்களை யாரும் மதிப்பதில்லை. என் கணக்கில் அவை உசத்தி. ஆணியில் மாட்டலாம், சாம்பாரில் விழுந்தால் மனசு வலிக்காது, காசும் கிடையாது. ஒரே குறை, முப்பது வகைப் பாயசம் என்று இறங்கிவிடுவார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை பாயசம் வைக்கிற வீட்டுக்கு அது பதினைந்து வருஷத்து ஸ்டாக்.

பழைய புத்தகமாகக் கிடைத்தால் இன்னும் விசேஷம். எந்தப் பக்கத்தில் மஞ்சள் கறை என்று பாருங்கள். புளிக்குழம்பு, பொரியல், தக்காளி சாதம் பக்கங்கள் அழுக்காக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஒரு குடும்பமே வருஷக்கணக்கில் டெஸ்ட் செய்து கொடுத்திருக்கிறது. புத்தகம் முழுக்கப் பளிச்சென்று இருந்து, குலாப் ஜாமூன் பக்கத்தில் மட்டும் ஒரு சொட்டு இருந்தால், அது யாருடைய தீபாவளியையோ கெடுத்த புத்தகம்.

துணைத்தலைப்பையும் படித்துவிடுங்கள். "கணவரின் மனம் கவரும்", "மாமியார் மெச்சும்", "குடும்பத் தலைவிகளுக்கு" என்றெல்லாம் இருந்தால் அது ஆர்டர் மாறி வந்த சரக்கு. இந்த ஊரில் இருவருமே காலை எட்டரைக்கு மிஷினில் உட்காருகிறார்கள். சாயங்காலம் யாருக்கு ஓவர்டைம் என்பதை ஷிப்மெண்ட் தேதி முடிவு செய்கிறது. அவள் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற நாளில் அவன் ஐந்தரைக்கு வீடு திரும்புகிறான். அன்றைக்குச் சமைக்க வேண்டியவன் அவன். எனவே புத்தகம் யாருக்காக எழுதப்பட்டிருக்க வேண்டும்? முதலில் வீடு வந்து சேர்கிறவருக்காக. அவருக்குப் பதம் தெரியாது, பக்குவம் தெரியாது, "கம்பிப் பாகு" என்றால் என்னவென்று தெரியாது. ஹெல்பராகச் சேர்ந்த பையனுக்கு ஓவர்லாக் சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லித்தர வேண்டும்: எண்ணெய் காய்ந்ததா என்று எப்படித் தெரியும், கடுகு எப்போது போட வேண்டும், எப்போது தீயைக் குறைக்க வேண்டும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். வீட்டுக்காரர் கையில் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, "என்ன செய்யணும்னு புரிஞ்சுதுங்களா?" என்று கேளுங்கள். "நீ இருக்கயில்ல அம்மிணி" என்று பதில் வந்தால் பிழை புத்தகத்தில் இல்லை. அதற்கு இந்தக் கையேட்டில் மருந்தும் இல்லை.

ஆறு பேர் சேர்ந்து தங்கும் ரூம்களுக்கும் இதே விதிதான், அங்கே டர்ன் போட்டுச் சமைக்கிறார்கள் என்பதால் இன்னும் கண்டிப்பாக. ராமநாதபுரத்துப் பையனுக்கு மீன் வேண்டும், ஒடிசாப் பையனுக்குக் கடுகெண்ணெய் வேண்டும், அடுப்பு ஒன்று. "நால்வருக்கு" என்று அளவு போட்ட புத்தகம் இவர்களுக்குப் பற்றாது, புதுமண ஜோடிக்கு மிஞ்சும். ஒருவருக்கு என்று அளவு சொல்லி, பெருக்கிக்கொள்ளச் சொல்கிற புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள்.

செல்போன் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று கேட்பீர்கள். கடுகு வெடிக்கும்போது வீடியோ நின்று விளம்பரம் ஓடும். ஈரக்கையால் தொட்டால் வேறு ஏதோ படம் வரும். புத்தகம் அப்படியே திறந்து கிடக்கும், சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லாது.

கடைசிச் சோதனை வியாழக்கிழமைச் சோதனை. இதுவரை சொன்ன எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். திருப்பூரில் வாரக்கூலிக்கு வேலை பார்க்கிற வீட்டில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி. திங்களும் செவ்வாயும் காய்கறி, புதன் முட்டை. வியாழக்கிழமை, இருப்பது. எந்தச் சமையல் புத்தகமும் தன்னைச் சனிக்கிழமை இரவு வாசிப்பார்கள் என்று நினைத்துத்தான் எழுதப்படுகிறது. நூல் விலையை மில்காரர்கள் அறிவிக்கிறார்கள். பல்லடத்தில் கறிக்கோழி விலையும் நாமக்கல்லில் முட்டை விலையும் மாறிக்கொண்டே இருக்கின்றன. தக்காளி யாருக்கும் அறிவிக்காமலே ஏறுகிறது. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, "நன்கு பழுத்த தக்காளி - 6" என்ற வரியை எத்தனை பேர் பெருமூச்சோடு படித்திருப்பார்கள்! தக்காளிக்குப் பதில் புளி எவ்வளவு, தேங்காய் இல்லையென்றால் என்ன செய்வது, கொத்தமல்லி இல்லாவிட்டால் விட்டுவிடலாமா கூடாதா, குழாயில் தண்ணீர் வராத நாளில் ஒரே பாத்திரத்தில் எதை முடிக்கலாம் என்று சொல்லும் புத்தகம்தான் அன்றாடச் சமையலுக்கான புத்தகம். "இல்லையென்றால்" என்ற சொல் எத்தனை பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். நான் பார்த்த பளபளப்பு அட்டைகளுக்குள் அது அபூர்வம்.

ஆகவே புத்தகத் திருவிழாவுக்குச் சனிக்கிழமை சம்பளக் கவரோடு போகாதீர்கள், கை கட்டுக்குள் நிற்காது. வியாழக்கிழமை போங்கள். கிளம்பும் முன் வீட்டில் இருக்கிற சாமானை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், சீட்டு சின்னதாகத்தான் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு அந்தச் சாமானை மட்டும் வைத்து, களைத்துப் போய் வந்தவர் முக்கால் மணி நேரத்தில் முடிக்கக்கூடிய குறிப்புகள் புத்தகத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். பத்து தேறினால் வாங்குங்கள். ஐந்து தேறினால் பேரம் பேசுங்கள். அதற்கும் கீழே என்றால் அந்தக் காசுக்குத் துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். செய்முறை உங்களுக்கே தெரியும்.